ஆரல்ஸ்க்: தண்டவாளத்தில் பிறந்த துறைமுகம்

கசாக்ஸ்தானின் கிசிலோர்தா மாகாணத்தில் ஆரல் மாவட்டத்தின் தலைமையூர் ஆரல்ஸ்க். அரசு ஏடுகளில் இன்று அதன் பெயர் ஆரல். சோவியத் காலப் பெயரே இன்னும் பரவலாக வழங்குகிறது. மக்கள் தொகை 30,000-க்கு மேல். ஆண்டு மழை 100 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும், குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 25 டிகிரி வரை இறங்கும். பயிர் செய்ய வழியில்லாத இந்த நிலத்தில் ஓர் ஊர் எழுந்ததற்குக் காரணம் மீன், உப்பு, ரயில் மூன்றும் சில பத்து கிலோமீட்டருக்குள் ஒன்றாக அமைந்ததுதான். அவற்றுள் கடைசியாக வந்தது ரயில். ஆனால் ஊரைப் பிறப்பித்ததும், ஆரல் கடல் என்ற பெரிய உள்நாட்டு உப்பு ஏரி வற்றி விலகிய பிறகு ஊரை அழியவிடாமல் காத்ததும் அதுவே. ஆரல்ஸ்க் என்றதும் மணலில் நிற்கும் துருப்பிடித்த கப்பல்களின் படங்கள்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அந்தப் படங்களை மட்டும் வைத்து ஊரின் வரலாற்றைப் புரிந்துகொள்ள முடியாது.

ரயில் வருவதற்கு முன் இந்தப் பகுதியின் மையம் வேறு இடத்தில் இருந்தது. ரஷ்யப் படை 1847-ல் சிர் தாரியா ஆற்றின் கீழ்ப்பகுதியில் ராயிம் என்ற கோட்டையைக் கட்டியது. மறு ஆண்டு கடற்படை அதிகாரி அலெக்சேய் புத்தகோவ், ஒரென்பர்க்கில் கட்டிய 'கொன்ஸ்தந்தின்' என்ற பாய்க்கப்பலைப் பாகம் பாகமாகக் கழற்றி, புல்வெளி வழியே வண்டிகளில் கொண்டுவந்து, ராயிமில் மறுபடி பூட்டி ஆற்றில் இறக்கினார். 1848, 1849 ஆகிய இரண்டு ஆண்டுகளில் ஆரல் கடல் முழுவதும் அளக்கப்பட்டது. நாடுகடத்தப்பட்டிருந்த உக்ரைன் கவிஞர் தராஸ் ஷெவ்சென்கோ அந்தப் பயணத்தில் கரைகளை வரையும் ஓவியராகச் சேர்க்கப்பட்டிருந்தார். பின்னர் 1853 முதல் 1883 வரை இயங்கிய ஆரல் கப்பற்படையின் தளம் ஆற்றங்கரையிலிருந்த கசாலியில் அமைந்தது. இன்றைய ஆரல்ஸ்க் இருக்கும் இடத்தில் அப்போது ஊர் என்று சொல்ல எதுவும் இல்லை.

மீன் மட்டும் ஏராளமாக இருந்தது. புதிய படைச் சட்டத்தை ஏற்க மறுத்த, ரஷ்யப் பேரரசின் எல்லைப் படைக் குடிகளான யூரல் கோசாக்குகள் 1875-ல் இந்தப் பக்கம் நாடுகடத்தப்பட்டார்கள். தலைமுறை தலைமுறையாக யூரல் ஆற்றில் மீன்பிடித்தவர்கள் அவர்கள். பெரிய வலைகளையும் மீனை உப்பிடும் முறைகளையும் கூடவே கொண்டுவந்தார்கள். கரையோரக் கசாக் குடிகளில் கால்நடை இழந்து ஏழையானவர்களும் மீன்பிடித்தே பிழைத்தார்கள். ஆனால் பிடித்த மீனை வாங்குபவரிடம் கொண்டுபோக முடியவில்லை. ஒட்டகத்தில் ஒரென்பர்க் போய்ச்சேரப் பல வாரங்கள் ஆகும். உலர்த்திய மீனையும், குளிர்காலத்தில் உறைந்து கட்டியான மீனையும் மட்டுமே அனுப்ப முடிந்தது.

ஒரென்பர்க்–தாஷ்கண்ட் ரயில்பாதை 1906-ல் முழுமையாகத் திறக்கப்பட்டது. அது கடலைத் தொட்ட இடம், வடகிழக்கு மூலையிலிருந்த சாரிஷிகனாக் விரிகுடாவின் நுனி. 1905 வாக்கில் அங்கே 'ஆரல் கடல்' என்ற பெயரில் ஒரு நிலையம் அமைந்தது. அதைச் சுற்றி வளர்ந்த குடியிருப்பே ஆரல்ஸ்க். துறைமுகத்துக்குரிய இடத்தை ஆழம் பார்த்து யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. தண்டவாளம் போன இடமே துறைமுகமானது. விரிகுடாவோ ஆழமற்றது. கப்பல் வர வேண்டுமானால் தூர்வாரிய தடம் வேண்டும், அதைத் தொடர்ந்து பராமரிக்கவும் வேண்டும். கடல் வற்றத் தொடங்கியபோது இந்த ஊர் எல்லோருக்கும் முன்பே கரையை இழந்ததற்கு இந்த ஆழமின்மைதான் காரணம்.

மூன்றாவது பொருளான உப்பு பக்கத்திலேயே கிடைத்தது. ஊருக்கு அருகிலுள்ள ஜக்சிகிலிஷ் ஏரிப்படுகையில் உப்பு பாளமாகப் படிந்திருக்கிறது. கெடாமல் தொலைதூரம் போக வேண்டிய மீனுக்கு 100 கிலோவுக்கு 20 முதல் 30 கிலோ வரை உப்பு தேவை. ஆயிரக்கணக்கான டன் மீனை உப்பிடும் ஊருக்கு உப்பு வெளியிலிருந்து வர வேண்டியிருந்தால் கணக்கே கட்டியிருக்காது. அந்தப் படுகையின் உப்புத் தொழில் 1920களில் அரசு நிறுவனமாகி, இன்றும் கசாக்ஸ்தானுக்குச் சமையல் உப்பு வழங்கும் முக்கிய இடமாக நீடிக்கிறது. கடல் போனாலும் உப்பு போகவில்லை என்பதைப் பின்னால் வரும் காலத்துக்காக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பதினான்கு வேகன்கள்

உள்நாட்டுப் போர் ஓயும் நேரத்தில் வோல்கா பகுதியில் கொடும் பஞ்சம் வந்தது. 1921 அக்டோபர் 7 அன்று லெனின் ஆரல் மீனவர்களுக்குக் கடிதம் எழுதி, பட்டினி கிடப்பவர்களுக்கு மீன் கேட்டார். ஆரல்ஸ்க் 14 வேகன் மீன் அனுப்பியது. ரயில் நிலைய மண்டபத்தின் சுவரில் இந்த நிகழ்ச்சி மொசைக்காகப் பதிக்கப்பட்டிருக்கிறது, இன்றும் பார்க்கலாம். பிரச்சாரப் பொருளாகப் பலமுறை பயன்படுத்தப்பட்டாலும் உள்ளூர்க்காரர்களுக்கு அது உண்மையான பெருமை. பத்தாண்டுக்குள் பஞ்சம் அவர்களிடமே வந்தது. 1930 முதல் 1933 வரை, நாடோடிக் குடிகளைக் கட்டாயமாகக் குடியமர்த்தி மந்தைகளைப் பறித்ததன் விளைவாகக் கசாக்ஸ்தானில் ஏறக்குறைய 15 லட்சம் பேர் மாண்டார்கள். ஆட்டையும் ஒட்டகத்தையும் இழந்து தப்பியவர்களில் பலர் கடற்கரையின் மீன்பிடிக் கூட்டுப் பண்ணைகளில் வந்து சேர்ந்தார்கள். 1937-ல் தூரக்கிழக்கிலிருந்து நாடுகடத்தப்பட்ட கொரியர்களிலும் ஒரு பகுதியினர் இங்கே மீன்பிடியில் இறக்கப்பட்டார்கள். 1938-ல் ஆரல்ஸ்க் நகரத் தகுதி பெற்றது. அந்த வளர்ச்சியின் பெரும்பகுதி, வேறு போக்கிடம் இல்லாமல் வந்து சேர்ந்தவர்களால் ஆனது.

வேலைப் பிரிவினை தெளிவாக இருந்தது. கரையோரக் கிராமப் பண்ணைகள் மீன் பிடிக்கும். சேகரிப்புப் படகுகள் அதைத் திரட்டி வரும். ஆரல்ஸ்க்கிலிருந்த பெரிய ஆலை உப்பிடும், புகையூட்டும், உறைய வைக்கும், டப்பாவில் அடைக்கும். பிறகு ரயில். கப்பல் பழுதுபார்க்கும் தளம் ஊரின் இரண்டாவது பெரிய வேலை இடம். 1950களின் பிற்பகுதியில் கடல் முழுவதும் ஆண்டுக்கு 40,000 டன்னுக்கு மேல் மீன் பிடிபட்டது.

இயற்கையைத் திட்டமிட்டுத் திருத்த முயன்று அடி வாங்கிய முதல் சம்பவமும் இந்தக் காலத்தில்தான் நடந்தது. காஸ்பியனிலிருந்து ஒரு வகை ஸ்டர்ஜன் மீனை 1930களில் ஆரலில் விட்டார்கள். அதன் செவுளில் ஒட்டியிருந்த ஒட்டுண்ணி, எதிர்ப்புச் சக்தி இல்லாத ஆரலின் சொந்த ஸ்டர்ஜனுக்குப் பரவியது. 1936-ல் அந்த மீன் கூட்டம் கூட்டமாகச் செத்துக் கரை ஒதுங்கியது. கொண்டுவந்த மீனும் நிலைக்கவில்லை. புதிய இனத்தை விடும் முன் அதைத் தனித் தொட்டியில் சில காலம் வைத்து ஒட்டுண்ணி பார்க்க வேண்டும் என்பது இன்று மீன் வளர்ப்பின் அடிப்படை விதி. அதைச் செய்யாததன் விலை ஓர் இனத்தின் வாழ்வு.

துறைமுகம் தேய்ந்ததற்கு நீர் குறைந்தது மட்டும் காரணம் என்று பலரும் எழுதுகிறார்கள். சரக்கு அதற்கு முன்பே குறையத் தொடங்கிவிட்டது. அமு தாரியா கழிமுகத்தின் பருத்தி கப்பலில் கடலைக் கடந்து ஆரல்ஸ்க்கில் ரயில் ஏறும். தானியமும் மரமும் எதிர்த்திசையில் போகும். 1950களில் சார்ஜோவிலிருந்து குங்கிராத் வரை ரயில்பாதை வந்தது. 1972-ல் அது பெய்நெவ் வழியாக வடக்கே இணைக்கப்பட்டது. அதன்பின் தெற்குக் கரைப் பருத்திக்குக் கடல் வழி தேவைப்படவில்லை. ரயில் தந்ததில் ஒரு பங்கை ரயிலே எடுத்துக்கொண்டது. இதைச் சொல்லாமல் விட்டால், கடல் திரும்பினால் போதும், பழைய துறைமுகம் தானாக உயிர்பெறும் என்ற தவறான நம்பிக்கை பிறக்கும்.

பதின்மூன்று மீட்டர்

1960-ல் ஆரல் கடலின் பரப்பு ஏறக்குறைய 68,000 சதுர கிலோமீட்டர். நீர்மட்டம் பெருங்கடல் மட்டத்துக்கு மேல் 53 மீட்டர் குறியில் நின்றது. உப்பு லிட்டருக்கு 10 கிராம் அளவு, பெருங்கடலின் உப்பில் மூன்றில் ஒரு பங்கு. வெளியேறும் வழி இல்லாத இந்தக் கடலின் மட்டத்தை வரவும் ஆவியாதலும் தவிர வேறெதுவும் நிர்ணயிப்பதில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் நீர் ஆவியாகும்; மழை அதில் பத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தரும். மீதியை அமு தாரியாவும் சிர் தாரியாவும் ஈடுகட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 50 கன கிலோமீட்டருக்கு மேல் கொண்டுவந்தால்தான் மட்டம் நிற்கும்.

1954-ல் தொடங்கிய காராகும் கால்வாய் அமு தாரியாவின் நீரைத் துர்க்மேனியப் பாலைவனத்துக்குத் திருப்பியது. சிர் தாரியாவில் கைராக்கும், சார்தரா, தொக்தோகுல் என அணைகள் வரிசையாக எழுந்தன. பருத்தி நிலம் விரிந்தது. கால்வாய்களில் பெரும்பாலானவை வெறும் மண் வெட்டு. கசிவிலேயே பெருமளவு நீர் போனது. 1980களின் வறண்ட ஆண்டுகளில் சிர் தாரியா கடலை எட்டவே இல்லை.

1987 வாக்கில் மட்டம் 40 மீட்டர் அருகே வந்தது. பதின்மூன்று மீட்டர் இறக்கம் கரையைப் பல பத்து கிலோமீட்டர் தள்ளிவிட்டது. கடலடி அவ்வளவு தட்டை. ஆரல்ஸ்க் துறைமுகத்தில் முதலில் தடத்தைத் தூர்வாரினார்கள், பிறகு நீட்டினார்கள். மட்டம் ஒவ்வொரு ஆண்டும் இறங்கும்போது தடமும் ஒவ்வொரு ஆண்டும் நீள வேண்டும். காற்று அள்ளிவரும் மணல் வெட்டிய இடத்தை மூடும். 1970களில் அந்த முயற்சி கைவிடப்பட்டது. துறையில் நின்ற பாரந்தூக்கிகளின் கீழே மணல் மட்டும் மிஞ்சியது.

1971 கோடையில் இன்னொரு இடி. கடல் நடுவே இருந்த வோஸ்ரோஷ்தேனியா தீவில் சோவியத் ராணுவம் உயிரியல் ஆயுதச் சோதனை நடத்திவந்தது. 'லெவ் பெர்க்' என்ற ஆய்வுக் கப்பல் அந்தத் தீவின் அருகே சென்று திரும்பியபின் ஆரல்ஸ்க்கில் பெரியம்மை வெடித்தது. பத்துப் பேருக்கு நோய் கண்டது, தடுப்பூசி போடாத மூவர் இறந்தார்கள். ஊருக்குள் வரவும் போகவும் தடை விதித்து, சில வாரங்களில் ஏறக்குறைய 50,000 பேருக்குத் தடுப்பூசி போட்டு நோயை அடக்கினார்கள். அந்தப் பணியில் மருத்துவர்களும் செவிலியர்களும் காட்டிய வேகம் பாராட்டுக்குரியது. ஆனால் செய்தி 2002 வரை உலகுக்குத் தெரியாமல் புதைக்கப்பட்டிருந்தது. கப்பலுக்குப் பெயர் தந்த லெவ் பெர்க், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கடலை ஆராய்ந்து 1908-ல் அதைப் பற்றிய அடிப்படை நூலை எழுதியவர்.

உப்பு ஏற ஏற, முட்டையிடும் இடங்கள் முதலில் அழிந்தன. நன்னீர் மீன்கள் ஆற்று முகத்தின் ஆழமற்ற நாணற்பரப்பில்தான் முட்டையிடும். மட்டம் இறங்கும்போது முதலில் காய்வது அந்தப் பரப்பு. முதிர்ந்த மீன் உப்பைத் தாங்கினாலும் குஞ்சு தாங்காது. 1980களின் தொடக்கத்தில் தொழில்முறை மீன்பிடி நின்றது. ஆனாலும் ஆலை மூடப்படவில்லை. பால்டிக்கிலிருந்தும் பசிபிக் கரையிலிருந்தும் உறைந்த மீன் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ரயிலில் வந்து ஆரல்ஸ்க்கில் டப்பாவில் அடைக்கப்பட்டது. மீனவர் குழுக்கள் பால்காஷ் ஏரிக்கும் வேறு நீர்த்தேக்கங்களுக்கும் பருவந்தோறும் அனுப்பப்பட்டன. வணிகக் கணக்கில் இது வீண் என்று தோன்றலாம். ஒரு நகரம் ஒரே நாளில் காலியாகிவிடாமல் இருக்க அரசு கொடுத்த விலை அது. நியாயமான செலவென்றே கருத வேண்டும். அதைச் சாத்தியமாக்கியதும் அதே தண்டவாளம்தான்.

சோவியத் ஒன்றியம் 1991-ல் கலைந்ததும் வெளி மீனின் வரத்து நின்றது. சில ஆண்டுகளில் ஆலை நொடித்தது. 1992-ல் கசாக்ஸ்தான் ஆரல் பகுதி மக்களுக்கான பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து, பாதிப்பை மூன்று அடுக்காகப் பிரித்தது. ஆரல் மாவட்டம் மிகக் கடுமையான அடுக்கில் வைக்கப்பட்டது. கூடுதல் ஊதியம், கூடுதல் விடுமுறை, முன்கூட்டிய ஓய்வூதியம் கிடைத்தன. மீனவக் குடும்பங்கள் பல வெளியேறின. மிஞ்சியவர்களைத் தாங்கியவை ரயில்வே வேலை, உப்பு ஆலை, பள்ளி, மருத்துவமனை, மாவட்ட அலுவலகங்கள், ஒட்டகமும் குதிரையும். மாவட்டத் தலைமையூர் என்ற தகுதி இல்லாமலிருந்தால் ஆரல்ஸ்க் நிலைத்திருக்குமா என்பது ஐயமே. மணலில் நின்ற கப்பல்கள் பெரும்பாலும் வெட்டப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. ஜலனாஷ் கிராமத்தருகே இருந்த புகழ்பெற்ற கப்பல் வரிசையும் அப்படித்தான் கரைந்தது.

மதகு

1980களின் முடிவில் கடல் இரண்டாகப் பிரிந்தது. சிர் தாரியா விழும் வடபகுதி சிறியது, தென்பகுதி பெரியது. இரண்டுக்கும் இடையே பெர்க் நீரிணை இருந்த இடத்தில் வடக்கின் நீர் தெற்கே வழிந்து, அகன்ற உப்பு மண்ணில் பரவி ஆவியானது. அந்த வாயை அடைத்தால் வடகடல் தேறும் என்பதை உள்ளூர் நிர்வாகம் தெளிவாகக் கண்டது. 1992-ல் கையில் இருந்த பணத்திலும் புல்டோசர்களிலும் மணல் கரை ஒன்றைப் போட்டார்கள். மட்டம் ஏறியது, நாணல் வந்தது, மீனும் வந்தது.

கரை மீண்டும் மீண்டும் உடைந்தது. காரணம் எளிது. வெறும் மணல், அலையைத் தாங்கக் கல் பாவவில்லை, எல்லாவற்றுக்கும் மேலாக முறையான மதகு இல்லை. வெள்ள ஆண்டில் மட்டம் ஏறினால் மிகை நீருக்குப் போக்கில்லை; கரையின் தாழ்ந்த இடத்தில் தலைக்கு மேல் வழியும், வழிந்த இடம் சில மணி நேரத்தில் பள்ளமாகும். 1999 ஏப்ரல் புயலில் அது பெரிதாக உடைந்துபோனது. ஏரிக்கரையும் கலிங்கும் அறிந்த எந்தத் தமிழ் விவசாயிக்கும் இந்தக் குறை புரியும். ஆனாலும் அந்தக் கரை வீண்போகவில்லை. வடகடலை மீட்க முடியும் என்பதற்கு அதுவே சான்றாகி, பெரிய பணம் வர வழி செய்தது.

உலக வங்கிக் கடனோடு, ஆற்றுச் சீரமைப்பையும் சேர்த்து ஏறக்குறைய 8.6 கோடி டாலர் திட்டத்தில் 2005 ஆகஸ்டில் கோக்ஆரல் அணை முடிந்தது. நீளம் சுமார் 13 கிலோமீட்டர், ஒன்பது ஷட்டர்கள் கொண்ட கான்கிரீட் மதகு, நீர்மட்டக் குறி 42 மீட்டர். அந்த மட்டம் வரப் பல ஆண்டுகள் ஆகும் என்று எதிர்பார்த்தார்கள். 2006 வசந்தத்திலேயே வந்துவிட்டது. பரப்பு ஏறக்குறைய 3,300 சதுர கிலோமீட்டர், கொள்ளளவு 27 கன கிலோமீட்டர்.

இந்த மதகின் வேலை பலராலும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. அதன் வழியே தெற்கே போகும் நீர் முழுவதும் வீண் என்கிறார்கள். கணக்கைப் பார்ப்போம். 3,300 சதுர கிலோமீட்டரில் ஆண்டுக்கு ஒரு மீட்டர் ஆவியானால் 3.3 கன கிலோமீட்டர். மழையைக் கழித்தால் மட்டத்தை நிறுத்த 3 கன கிலோமீட்டர் வேண்டும். சிர் தாரியா நீரில் லிட்டருக்கு ஒரு கிராமுக்குக் குறையாத உப்பு இருக்கிறது. ஒரு கிராம் என்றே வைத்தாலும், ஒரு கன கிலோமீட்டர் நீரோடு 10 லட்சம் டன் உப்பு வருகிறது. ஆவியாகும் நீர் உப்பைக் கொண்டுபோவதில்லை. மதகை மூடியே வைத்தால் ஆண்டுக்கு 30 லட்சம் டன் உப்பு உள்ளே தங்கும். உவர்நீரைக் கொஞ்சம் வெளியேற்றினால்தான் கடல் நன்னீர்த் தன்மைக்குத் திரும்பும். வறண்ட ஆண்டில் திறந்தால் மட்டம் போகும், மூடினால் உப்பு ஏறும். ஷட்டர் இயக்குபவரின் முடிவு, கரையோர வீடுகள் ஒவ்வொன்றின் வருமானத்தையும் தொடுகிறது. மதகின் உண்மையான குறை வேறு: நீரோடு மீனும் வெளியே போகிறது. வெளியே போன மீன் திரும்பி ஏற வழி கிடையாது. மதகுக்குக் கீழே கூடும் மீனைக் களவாகப் பிடிப்பதும் நடக்கிறது.

உப்பு இறங்கியதும் மீன் வகைகள் மாறின. 1990களில் கடலில் மிஞ்சியிருந்த ஒரே தொழில் மீன் தட்டைமீன். அசோவ் கடலிலிருந்து 1979-க்குப் பின் கொண்டுவந்து விடப்பட்டது அது. உள்ளூர் மீனவர்களுக்கு அதைப் பிடித்தும் பழக்கமில்லை, தின்றும் பழக்கமில்லை. டென்மார்க் மீனவர்கள் 1990களின் நடுவே வலைகளோடு வந்து, கடலின் அடியில் படுத்திருக்கும் அந்த மீனைப் பிடிக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். அணை வந்தபின் நிலை தலைகீழானது. தட்டைமீனின் முட்டை மிதக்கக் குறிப்பிட்ட அளவு உப்பு வேண்டும். நீரில் உப்பு குறைந்தால் முட்டை அடியில் அமிழ்ந்து கெடும். அது குறைய, கழிமுக ஏரிகளில் பதுங்கியிருந்த கெண்டை, கெளுத்தி, கோக்செர்கே ஆகியவை கடலுக்குப் பரவின. கோக்செர்கே என்பது ஐரோப்பாவில் சாண்டர் என்று விற்கப்படும் முள் குறைந்த வெள்ளைச் சதை மீன். இன்று வருமானத்தின் முதுகெலும்பு அதுதான். 2005-ல் சில நூறு டன்னாக இருந்த பிடிப்பு 2016-ல் 7,000 டன்னைத் தாண்டியது.

நல்ல விலை கிடைப்பது குளிர்காலத்தில். பனிப்பாளத்தில் முதல் துளையை வெட்டி, நீண்ட கழியின் முனையில் கயிறு கட்டி, பனிக்கு அடியில் தள்ளுவார்கள். கழியின் நீளத்துக்கு அடுத்த துளை. கொக்கியால் கழியைப் பிடித்து மேலும் தள்ளுவார்கள். கடைசித் துளையில் கயிற்றை எடுத்து, அதைக் கொண்டு செவுள் வலையை இழுத்துப் பரப்புவார்கள். எடுத்த மீன் பனிமேல் கிடந்தே சில நிமிடங்களில் உறையும்; குளிர்சாதனச் செலவில்லை. தொடக்கக் குளிரிலும் வசந்தத்திலும் பனி மெல்லியதாக இருக்கும். வாகனத்தோடு மூழ்கும் ஆபத்து அப்போதுதான் அதிகம். வலையை நாள்கணக்கில் பார்க்காமல் விட்டால் மீன் செத்து, சதை மென்மையாகி, ஏற்றுமதித் துண்டத்துக்கு உதவாது. மலிவான மெல்லிய நைலான் வலைகள் அறுந்து அடியில் தங்கினால் மட்கிப்போகாமல் ஆண்டுக்கணக்கில் மீனைக் கொன்றுகொண்டே இருக்கும்.

மீன் பெருகியதன் பலன் ஊருக்கு முழுமையாக வந்ததா என்றால் இல்லை. பழைய அமைப்பில் எல்லா மீனும் ஆரல்ஸ்க் வழியே போனது. இப்போது வணிகர்கள் கிராமத்துக் கரையிலேயே லாரியில் ஏற்றிக்கொள்கிறார்கள். ஊரில் புதிய பதப்படுத்தும் ஆலைகள் உண்டு, ஐரோப்பாவுக்கும் ரஷ்யாவுக்கும் அனுப்புகின்றன. ஆனால் சீரான வரத்து இல்லாததால் ஆண்டு முழுவதும் முழு அளவில் அவற்றை ஓட்டுவது கடினம். மறுபுறம், சமாரா–ஷிம்கெந்த் நெடுஞ்சாலை ஐரோப்பா–சீனா சாலைத் தடத்தின் பகுதியாக மேம்படுத்தப்பட்டு ஊரை ஒட்டிச் செல்கிறது. லாரி ஓட்டுநர்களின் உணவகமும் எரிபொருள் நிலையமும் புதிய வேலை தருகின்றன. குடிநீர் நிலத்தடி நீரிலிருந்து ஆரல்–சாரிபுலாக் கூட்டுக் குழாய் வழியே வருகிறது. இது வந்தபின் உவர்நீர் குடிக்கும் நிலை வெகுவாகக் குறைந்தது.

மேலே திறப்பது யார்?

வடகடலின் எதிர்காலம் கோக்ஆரலில் மட்டும் தீர்மானமாவதில்லை. சோவியத் காலத்தில் தொக்தோகுல் அணை கோடையில் பாசனத்துக்கு நீர் விட்டது. சோவியத் ஒன்றியம் பிரிந்தபின், அந்த அணை இருக்கும் கிர்கிஸ்தானுக்குக் குளிர்காலத்தில் மின்சாரம் வேண்டும். எரிவாயுவும் நிலக்கரியும் முன்போல் வருவதில்லை. எனவே நீர் குளிர்காலத்தில் வருகிறது. அப்போது கீழே கிசிலோர்தாவில் ஆறு உறைந்திருக்கும். பனிக்கூரைக்கு அடியில் ஆற்றால் கோடையில் கொள்ளும் நீரைக் கொள்ள முடியாது. நீர் கரை மீறும். அதைத் தவிர்க்கச் சார்தராவிலிருந்து பக்கத்துப் பள்ளமான அர்னாசாய்க்குத் திருப்புவார்கள். அங்கே போன நீர் கடலுக்குத் திரும்பாது. 3 கன கிலோமீட்டர் கொள்ளும் கோக்சராய் தேக்கம் 2010-ஐ ஒட்டி இயங்கத் தொடங்கியது. குளிர்கால நீரைப் பிடித்துவைத்துப் பின்னர் விடுவது அதன் வேலை. வெள்ள அபாயம் குறைந்தது, கடலுக்கும் கொஞ்சம் கூடுதலாகப் போகிறது. 2020களின் தொடக்க வறண்ட ஆண்டுகளில் வடகடல் 27 கன கிலோமீட்டர் நிறைவிலிருந்து கணிசமாக இறங்கியது. அதன்பின் மீண்டும் ஏறத் தொடங்கியிருக்கிறது.

இன்று கடல் ஊரிலிருந்து 20 கிலோமீட்டர் அளவில் நிற்கிறது. அதை இன்னும் அருகே கொண்டுவர இரண்டு வழிகள் பல ஆண்டுகளாகப் பேசப்படுகின்றன. ஒன்று, கோக்ஆரல் அணையையே உயர்த்தி மொத்த வடகடலையும் 48 மீட்டர் வரை ஏற்றுவது. மீன்பரப்பு பெரிதாகும், பெரிய பரப்பில் ஆவியாதலும் பெரிதாகும், நிரம்பவும் நிலைக்கவும் நிறைய நீர் வேண்டும். இரண்டு, சாரிஷிகனாக் விரிகுடாவின் வாயில் தனி அணை கட்டி, ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டி, விரிகுடாவை மட்டும் 50 மீட்டருக்கு நிரப்புவது. நீர் நேரே ஆரல்ஸ்க் வாசலுக்கு வரும். ஆனால் ஆழமற்ற விரிகுடா பெரிய ஆவித் தட்டாகும். கால்வாய் வண்டலால் அடைபடும். ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே மீன் போய்வருவது தடைபடும். ஊர்க்காரர்களின் மனம் இரண்டாவதில் இருப்பது இயல்பே. மீனையும் நீரையும் கணக்கிட்டால், கோக்ஆரலை அளவாக, ஓரிரு மீட்டர் உயர்த்தி, மதகில் மீன் தடுப்பும் ஏறுவழியும் சேர்ப்பதே இப்போதைக்குப் பொருத்தமானது. வரவில்லாத ஆண்டில் எந்த உயரத்து அணையும் நிரம்பாது.

கடல் திரும்பாத பரப்பில், மணலைப் பிடித்து நிறுத்தும் பாலைவனச் சிறு மரமான சாக்சௌல் நடவு நடக்கிறது. இலையுதிர் காலத்தின் முடிவிலோ வசந்தத் தொடக்கத்திலோ, நிலத்தில் ஈரம் இருக்கும் சில வாரங்களுக்குள் நட்டு முடிக்க வேண்டும். உழுசால் போட்டு அதன் அடியில் ஓராண்டு நாற்றை நடுகிறார்கள். சால் பனியைப் பிடித்துவைக்கும், மேல் உப்பும் விலகும். மணற்பாங்கான இடத்தில் வேர் கீழே ஈரத்தை எட்டும், பிழைக்கும். களிமண் மேல் வெள்ளை உப்பு பொருக்குக் கட்டிய இடத்தில் பெரும்பாலும் முதல் கோடையிலேயே கருகிவிடும். விதை ஓராண்டைத் தாண்டினால் முளைப்புத் திறனை இழந்துவிடும் என்பதால் பழைய கையிருப்பைத் தூவுவது பயன்படாது. கால்நடை மேயாமல் முதல் சில ஆண்டுகள் காவல் வேண்டும். நட்ட ஹெக்டேரை மட்டும் அறிக்கையில் எழுதி, இரண்டாம் ஆண்டு உயிரோடு நிற்பதை எண்ணாமல் விடும் இடங்களில் அடுத்த வசந்தக் காற்றோடு உப்புத் தூசு மறுபடி ஊருக்குள் வருகிறது.